பிரௌன் பெஸ் துப்பாக்கியும் பாஞ்சாலங்குறிச்சிப் போரும்

பிரௌன் பெஸ் என்பது 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 1840 வரை பிரித்தானியக் காலாட்படை கையாண்ட சக்கிமுக்கிக் கல் துப்பாக்கிகளின் பொதுப்பெயர். கிழக்கிந்தியக் கும்பினிக்கெனச் சற்றுக் குட்டையான குழலுடன் செய்யப்பட்டது 'இந்திய மாதிரி' எனப்பட்டது. 1797இல் பிரித்தானிய அரசுப் படையும் அதையே ஏற்றுக்கொண்டது. பாளையங்கோட்டையிலிருந்து கும்பினிப் படை நெல்லைச் சீமைப் பாளையங்களின்மேல் சென்ற காலத்துத் துப்பாக்கி இதுவே.

இத்துப்பாக்கியில் பின்பக்கக் குறிமுள் கிடையாது. நூறு கெச தூரத்துக்கு அப்பால் தனி ஆள் ஒருவரைச் சுட்டு வீழ்த்துவது பெரும்பாலும் தற்செயல்தான். இதைக் கண்டு 'மட்டமான துப்பாக்கி' என்று தீர்ப்பு எழுதிவிடுவோர் உண்டு. வண்டிமாட்டைப் பால் கறக்கவில்லை என்று குறை சொல்வது போன்றது அது. எந்த வேலைக்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம், குண்டு அதைவிடச் சிறியது. இந்த இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டது. அக்காலக் கருமருந்து எரிந்தபின் குழலுக்குள் கரி படியும். இறுக்கமான குண்டு சில வெடிகளுக்குப் பின் உள்ளே இறங்காது. தளர்வான குண்டு இறங்கும். ஆகவே பயிற்சி பெற்ற சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுட முடிந்தது. தோளோடு தோள் உரசி நிற்கும் வரிசை, எதிரே அதேபோல் மனிதச் சுவராக நிற்கும் இன்னொரு வரிசை: இதுதான் இத்துப்பாக்கி மனத்தில் வைத்த போர்க்களம். அங்கே குறி தேவையில்லை. வேகமும் ஒரே நேரத்தில் வெடிப்பதும் போதும். முனையில் சுமார் 17 அங்குலப் பயனெட்டைச் செருகினால் துப்பாக்கியே ஆறடி ஈட்டியாகிவிடும். நான்கு கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கனத்த மரக்கட்டையும் அதற்கு உதவின.

அதே காலத்தில், 1800இல், பேக்கர் என்னும் சுரிகுழல் துப்பாக்கி இங்கிலாந்தில் வந்தது. குழலின் உட்சுவரில் திருகுபோல் வெட்டிய வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலவிட்டதால் குறி தப்புவது குறைந்தது. ஆனால் குண்டை இறுக்கி இறக்க நேரம் பிடித்தது. எனவே மறைவில் பதுங்கிச் சுடும் சில அணிகளுக்கு மட்டும் அதைக் கொடுத்தார்கள். பெரும்படை பிரௌன் பெஸ்ஸையே வைத்துக்கொண்டது.

பாளையக்காரர் பக்கம் திரித்துப்பாக்கிகள் இருந்தன. கனன்றுகொண்டிருக்கும் திரியால் மருந்தைப் பற்றவைப்பவை இவை. கெட்டிக்க நேரமாகும், மழையில் திரி அணையும். வெட்டவெளி வரிசைப் போருக்கு ஆகாது. மதிலுக்கும் முள்வேலிக்கும் பின்னால் நிற்பவருக்கோ அவசரமில்லை. நீண்ட குழலைச் சாய்த்துவைத்து நிதானமாகச் சுடலாம்.

இவ்விரண்டும் மோதிய களம் பாஞ்சாலங்குறிச்சி. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டபின் கோட்டை தகர்க்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் மற்றவர்களும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, சில நாள்களில் அதை மீண்டும் எழுப்பினர். களிமண் மதில், சிறு கொத்தளங்கள், சுற்றிலும் முள்வேலி, அங்கங்கே பனைகள். மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலேயின் படை பீரங்கியால் மதிலை உடைத்து ஏறியது; பெரும் இழப்புடன் பின்வாங்கியது.

அப்போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியான தம் நினைவுக்குறிப்புகளில் காரணத்தைத் தருகிறார். கொத்தளங்கள் உள்ளே குழிவானவை. காவலர்கள் கீழே மறைந்து நின்று 18 அடிக்குக் குறையாத ஈட்டிகளால், உடைப்பின்மேல் ஏறியவர்களைக் குத்தினர். உச்சியில் நின்றவரின் பயனெட்டு ஆறடிக்குமேல் எட்டாது. சுடலாம் என்றால் கண்ணுக்கு ஆள் தெரியவில்லை. வரிசையாக நின்று சுட இடமும் இல்லை. துப்பாக்கியில் பழுது ஒன்றுமில்லை. அது செய்யப்பட்ட வேலை அந்த உடைப்பில் இல்லை, அவ்வளவுதான். மே 24 அன்று கோட்டையை வீழ்த்தியது புதுத் துப்பாக்கி அன்று. கர்னல் அக்னியூ கூடுதல் பீரங்கிகளையும் ஆள்களையும் கொண்டுவந்து உடைப்பை அகலமாக்கினார்.

எட்டாண்டு கழித்து அதே வெல்ஷ் இராதாபுரம் வட்டத்தை அடுத்துள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயில் வேறு வழியைக் கையாண்டார். திருவிதாங்கூர் அரசின் அரண்வரிசையை நேரே முட்டாமல், இரவோடு இரவாகப் பக்கத்து மலையில் ஏறி, 1809 பிப்ரவரி 10 விடியும்போது மேலிருந்து பாய்ந்தார். நெருக்கத்தில் ஒரே வெடி, பிறகு பயனெட்டு என்பது பிரௌன் பெஸ்ஸுக்கு ஏற்ற வேலை. அரண் அன்றே வீழ்ந்தது.

ஊமைத்துரையின் ஈட்டிகளைக் கும்பினியார் எளிதில் மறக்கவில்லை. சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் 1801 டிசம்பர் 1 அன்று தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து அறிக்கை விடுத்தார். அந்த அறிக்கை, தடைசெய்த ஆயுதங்களின் வரிசையில் துப்பாக்கிகளோடு ஈட்டியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது.