வீட்டிற்குள் பாம்பு வந்தால்: கம்பை எடுக்க வேண்டாம்

“பாம்பென்றால் படையும் நடுங்கும்” என்பது பழமொழி. ரப்பர்த் தோட்டங்களில் வாழ்வோருக்கு இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. விடியுமுன் தலைவிளக்குடன் மரம் சீவச் செல்வோரும், கோழிக்கூண்டைத் திறக்கும் இல்லத்தரசியரும், லயத்துக் கோடியில் விளையாடும் சிறுவர்களும் பாம்பை எதிர்ப்படுவது உண்டு. அவ்வேளையில் “அடி, விடாதே!” என்னும் குரலே முதலில் எழுகின்றது. ஆனால், அடிக்கச் செல்பவர் தம்மையே ஆபத்துக்கு உள்ளாக்கிக் கொள்கின்றார். பாம்பையும் கொல்லாமல், நாமும் கடிபடாமல் தப்புவதற்கு எளிய வழி உண்டு.

பாம்பு ஏன் வருகின்றது?

மனிதனைத் தேடிப் பாம்பு வருவதில்லை; எலியைத் தேடியே வருகின்றது. சிந்திய சோறு, கோழித் தீவனம், மூடாத குப்பைத்தொட்டி ஆகியவை எலியை அழைக்கின்றன. எலி பாம்பை அழைக்கின்றது. மலாய் மொழியில் ‘ஊலார் சாவா’ எனப்படும் மலைப்பாம்பு எலியையும் கோழியையும் விழுங்கும். ‘தெடுங் செலார்’ எனப்படும் இராசநாகத்தின் முக்கிய உணவோ பிற பாம்புகளே. ஆகவே, பாம்புகளையெல்லாம் கொன்றொழித்தால் எலிகள் பெருகுமேயன்றி நமக்கு நன்மை விளையாது.

அடிக்க முயல்வதில் உள்ள ஆபத்து

பாம்பு பெரும்பாலும் தப்பியோடவே முயலும். வழி அடைபட்டு, அடியும் விழும்போதுதான் திருப்பித் தாக்குகின்றது. சீறும் நாகம் கடிக்காமலேயே இரண்டு மீட்டர் தொலைவுக்கு நஞ்சைக் கண்ணை நோக்கிப் பீய்ச்ச வல்லது. குழிவிரியனுக்கு மலாய்க்காரர்கள் ‘காப்பாக் போடோ’ எனப் பெயரிட்டுள்ளனர். காலடி ஓசை கேட்டும் அது நகராது. சருகின் நிறத்திலேயே கிடக்கும். செத்துவிட்டது என எண்ணித் தொடுவதும் தவறு. வெட்டுண்ட தலைகூடச் சிறிது நேரம் கடிக்கும் ஆற்றல் உடையது.

பாம்பு பிடிப்பதில் தேர்ந்தவர்களுக்கும் ஆபத்து உண்டு. பகாங் மாநிலத் தீயணைப்பு வீரர் அபு ஸாரின் ஹூசின் தம் சகாக்களுக்குப் பாம்பு பிடிக்கும் பயிற்சி அளித்தவர். 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இராசநாகம் ஒன்றைப் பிடிக்கும் பணியில் கடிபட்டு, அவர் உயிர்நீத்தார். பயின்றவருக்கே இந்நிலை என்றால், கையில் கிடைத்த கம்புடன் முன்செல்லும் குடும்பத் தலைவரின் நிலை என்ன? சீவும் கத்தியைப் பிடிக்கும் கையே குடும்பத்திற்குச் சோறு போடும் கை என்பதை மறத்தலாகாது.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, பிள்ளைகளையும் முதியோரையும் வெளியேற்றுங்கள், நாயைக் கட்டிப்போடுங்கள். பாம்பு இருக்கும் அறையின் உட்கதவைச் சாத்தி, இடுக்கைத் துணியால் அடைத்து, வெளிக்கதவைத் திறந்து வையுங்கள். பல சமயங்களில் அது தானே வெளியேறிவிடும்.

இரண்டாவதாக, ஒருவர் மட்டும் பதினைந்து அடிக்குக் குறையாத தொலைவில் நின்று அதன்மேல் கண் வைத்திருக்க வேண்டும். எங்கே புகுந்தது என்று தெரியாவிட்டால், பிடிக்க வருவோரின் உழைப்பு வீணாகும்.

மூன்றாவதாக, 999 என்னும் எண்ணில் அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்பு மீட்புப் படையினரோ வருவர். தோட்டத்தின் பெயர், பிரிவு, முதன்மைச் சாலையில் உள்ள அடையாளம் ஆகியவற்றைத் தெளிவாகக் கூறுங்கள். தோட்டத்துச் சாலைகள் வெளியாருக்குப் பழக்கமற்றவை. ஆகவே நுழைவாயிலில் ஒருவரை நிறுத்தி வழிகாட்டச் செய்யுங்கள்.

வருபவர்கள் கொக்கியும் இடுக்கியும் கொண்டு பாம்பைப் பிடித்துப் பையில் இடுவர். பின்னர் அது வனவிலங்குத் துறையிடம் ஒப்படைக்கப்படும். அல்லது குடியிருப்புக்கு அப்பாலுள்ள காட்டில் விடப்படும். மலைப்பாம்பு 2010-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதை உரிமமின்றிப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

கடிபட்டுவிட்டால்

கடிபட்டவரை அசையாமல் இருக்கச் செய்து, மோதிரம், வளையல், கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்துத் தளர்வாகக் கட்டி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கயிற்றால் இறுக்குதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் தீங்கானவை. கண்ணில் நஞ்சு பட்டால் தூய நீரால் பதினைந்து நிமிடமாவது கழுவிய பிறகே புறப்பட வேண்டும். பாம்பை அடித்துக் கொண்டுவர வேண்டியதில்லை; தொலைவில் நின்று கைப்பேசியில் எடுத்த படமும், கடித்த நேரமும் மருத்துவருக்குப் போதும்.

“மந்திரித்ததால் பிழைத்தார்”, “பச்சிலையால் பிழைத்தார்” எனச் சிலர் கூறக் கேட்கிறோம். பினாங்கில் 1950, 1960-ஆம் ஆண்டுகளில் பாம்புக்கடியை ஆராய்ந்த டாக்டர் அலிஸ்டர் ரீட், கடிபட்டோரில் பலருக்கு நஞ்சு சிறிதளவே ஏறியிருந்தது, சிலருக்கு ஏறவே இல்லை என எடுத்துக்காட்டினார். பச்சிலை உண்டு பிழைத்தவர் இத்தகையவராகவே இருக்கக்கூடும். நஞ்சு முழுமையாக ஏறியவருக்கு நஞ்சுமுறிவு மருந்தே துணை. அது மருத்துவமனையில்தான் உண்டு.

வருமுன் காப்போம்

சிலர் வீட்டைச் சுற்றி உப்பும் கந்தகமும் தூவுகின்றனர். இவை பாம்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. அப்பணத்தைக் கொண்டு கோழிக்கூண்டிற்குச் சிறுகண் கம்பிவலை அடிக்கலாம். விறகையும் பழைய தகரத்தையும் சுவரோரம் குவிக்காதீர்கள். லாலான் புல்லை வெட்டுங்கள். கால்வாய்த் துளைகளை அடையுங்கள். இரவில் கைவிளக்கின்றி வெளியே செல்லாதீர்கள். சருகு மூடிய நிறைகளில் நீண்ட காலணி அணிந்தே வேலை செய்யுங்கள்.

இப்பணிகளை ஒரு வீட்டார் மட்டும் செய்தால் போதாது. லயம் முழுவதும் ஒரே நாளில் துப்புரவு செய்தால்தான் எலிகள் அடுத்த வீட்டிற்கு இடம் மாறாமல் ஒழியும். தோட்ட மக்கள் ஒன்றுகூடி மாதம் ஒரு நாளை இதற்கென ஒதுக்குவார்களாக. அவசர எண்ணையும் தோட்டத்தின் முழு முகவரியையும் எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவின் பின்புறமும் ஒட்டி வைப்பது, கதவோரம் கம்பு வைப்பதைவிடச் சிறந்த காவலாகும்.