முடிச்சூரின் மேடும் பள்ளமும்

மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் புதிதாக ஒரு மனைப்பிரிவு போடுகிறார்கள் என்றால் முதலில் வருவது டிப்பர் லாரி. கிராவல் கொட்டி, ரோலர் விட்டு, பக்கத்துத் தெருவைவிட மூன்றடி மேடாக்கிவிட்டுத்தான் கல் நடுகிறார்கள். மனை பார்க்க வருபவருக்கு இங்கே தண்ணீர் நிற்காது என்பது பெரிய நிம்மதி. நிற்காத தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பவர்கள் பக்கத்துத் தெருக்காரர்கள்.

முன்பு அந்தக் கேள்விக்கு ஊரிலேயே பதில் இருந்தது. இவை ஏரிப்பாசன ஊர்கள். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீர் இறங்கும். கால்வாய் பிடித்து அடுத்த ஏரிக்குப் போகும். அதுவும் நிரம்பினால் அதற்கடுத்தது, கடைசியில் அடையாறு. நடுவில் இருந்ததெல்லாம் நஞ்சை. வரப்புக்குள் ஒரு சாண் தண்ணீர் இரண்டு நாள் நின்றாலும் நெற்பயிருக்குக் கேடில்லை. அதனால் வானம் கொட்டியதெல்லாம் ஒரே மூச்சில் ஆற்றுக்கு ஓடவில்லை. எந்த மதகை எப்போது திறப்பது, எந்த மடையை அடைப்பது என்று பார்க்க ஆள் இருந்தார்.

இன்று அந்த வயல் சிமென்ட் தரை. ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை பெய்தால் விழுவது 4 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் முப்பதுக்கும் மேல். மண்ணும் வரப்பும் பிடித்து வைத்ததில் பெரும்பகுதி இப்போது சில மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. புதிய காம்பவுண்டு சுவரின் அடியைக் குனிந்து பார்த்தால் போதும்: வரிசையாக பிவிசி குழாய்கள். மழை விட்டு வெகு நேரம் கழித்தும் அவற்றிலிருந்து செம்மண் கலங்கல் பழைய தெருவில் ஊற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் எப்படியோ வடிந்தாலும் மண் வடிவதில்லை. அது தெருச் சாக்கடையில் படிந்து, அடுத்த மழைக்கு முன்பே பாதிக் கால்வாயை அடைத்துவிடுகிறது. தெருவும் மேடேறியதால், நாலு படி ஏறிப் போக வேண்டியிருந்த பழைய வீடுகளுக்கு இப்போது தெருவிலிருந்து இறங்கித்தான் போக வேண்டும்.

பழைய தெருக்களும் ஒரு நாள் வயலாக இருந்தவைதான். கடன் வாங்கி மனை வாங்கும் புதியவர் மீதும் குற்றமில்லை. ஒவ்வொரு மனைப்பிரிவும் முந்தையதைவிட ஓரடி உயர்ந்துகொண்டே போவதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் என் கோபம்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளுக்கு இடையே 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. இந்தத் தெருக்களில் படகு ஓடியது. எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியே பேசினார்கள். ஆனால் அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் ஆற்றின் போக்கில் அதற்கு மேலே இருக்கின்றன. இங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும் ஊரிலேயே பெய்த மழையும். பிறகு ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் கட்டினார்கள். ஓரளவு பலன் உண்டு. ஆனாலும் 2021 நவம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது.

மனு கொடுக்கப் போனாலும் ஓர் இடமில்லை. முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டம், வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டம். ஏரியும் ஆறும் ஒரு துறை, தெரு வடிகால் இன்னொன்று, மனைப்பிரிவு அனுமதி வேறொன்று. கேட்டால் மழைநீர் சேகரிப்புத் தொட்டி இருக்கிறதே என்பார்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். நல்ல சட்டம், கோடைக்குக் கைகொடுக்கிறது. கார்த்திகையில் இந்தத் தாழ்ந்த ஊர்க் கிணறுகளில் தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும்போது, தரைக்குக் கீழே அந்தத் தொட்டி மழைநீரை எங்கே இறக்கும்?

பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. விற்க முடியாத ஏதோ ஒரு மூலையை அதற்கு ஒதுக்காமல், நிலத்தின் தாழ்ந்த பகுதியையே ஒதுக்கிக் குளமாக வெட்டச் சொல்லலாம். வரைபடத்தில் மனைகளின் நீள அகலத்தோடு, பக்கத்துத் தெருவைவிட எத்தனை அடி உயரம் என்பதையும், வடிகால் எந்த ஏரியில் அல்லது ஆற்றில் போய் முடிகிறது என்பதையும் எழுத வேண்டும். முதல் மனை பத்திரமாவதற்குள் அந்தக் கால்வாய் கடைசிவரை வெட்டி முடிந்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரர்கள் கேட்பதும் இவ்வளவுதான்.