காற்றின்றிச் சூடேற்றிய கரிப்பொருள்களில் கிடைப்பவை

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. எனினும் நிலக்கரி இரசாயனத்தின் முதற்பாடத்தைக் கற்பிக்கத் தேவையான பொருள் அங்கு எளிதிற் கிடைக்கிறது. அதுவே தேங்காய்ச் சிரட்டை. அதைத் திறந்த அடுப்பில் எரித்தால் சாம்பலே மிஞ்சும். காற்றுப் புகாமல் சூடேற்றினாலோ கரி, தார், நீர்மம், வாயு என நான்காகப் பிரியும். நிலக்கரியும் இவ்வாறே பிரிகிறது. இதற்குச் சிதைத்து வடித்தல் என்று பெயர்.

ஆய்வுக்கூடங்களில் இப்பொருள்களை அளந்தறியக் கிரே-கிங் சோதனை பயன்படுகிறது. 20 கிராம் நிலக்கரித் தூள், சூடு தாங்கும் குழாயில் 600 சென்டிகிரேடு பாகை வரை படிப்படியாகச் சூடேற்றப்படும். எஞ்சிய கரி, தார், நீர்மம் ஆகியவை நிறுக்கப்படும். வாயுவின் பருமன் அளக்கப்படும். ஒரு நிலக்கரியை அப்படியே எரிப்பதா, அன்றி வடித்துப் பிற பொருள்களையும் பெறுவதா என்பதை முடிவு செய்ய இக்கணக்கு உதவுகிறது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமே. 1956ஆம் ஆண்டு அங்கு அமைக்கப்பட்ட நிறுவனம், 1960களில் அதனை உலர்த்தி, கட்டிகளாக அழுத்தி, காற்றின்றிச் சூடேற்றி, ‘லெக்கோ’ என்னும் புகை குறைந்த அடுப்புக்கரியைச் செய்யத் தொடங்கியது. உடன் வடிந்தவற்றிலிருந்து கார்பாலிக் அமிலமும் கிரெசாலும் எடுக்கப்பட்டன. அவ்வாலை இப்போது இயங்கவில்லை.

வடிந்த நீர்மத்தின் மூலத்தை லிட்மஸ் தாளே காட்டிவிடும். சாதாரண நிலக்கரியிலுள்ள நைட்ரஜன் அம்மோனியாவாக வெளிப்படுவதால் சிவப்புத் தாள் நீலமாகும். சிரட்டை நீர்மத்தில் அசெட்டிக் அமிலம் மிகுந்திருப்பதால் நீலத் தாள் சிவப்பாகும். மாணவர்க்கு இதனைக் காட்டும் ஆசிரியர், சோதனையைத் திறந்த வெளியிலேயே நடத்துதல் வேண்டும். வெளிவரும் வாயுவில் நிறமும் மணமும் அற்ற நச்சுப் பொருளாகிய கார்பன் மோனாக்சைடு உண்டு. தாரைக் கையால் தொடலாகாது.

கிராமப் பணியாளர் கருதவேண்டியது மற்றொன்று உண்டு. கார்பாலிக் அமிலத்தை ஒத்த பொருள்கள் சிரட்டைத் தாரிலும் உள்ளன. கரிக்குழியிலிருந்து இவை கிணற்றில் மிகச் சிறிதளவு கசிந்தாலும், பிளீச்சிங் பவுடர் இட்டவுடன் அதன் குளோரினோடு கூடி, நீருக்கு மருந்து நெடியையும் கெட்ட சுவையையும் தரும். அந்நெடியைக் கண்டு மக்கள் பிளீச்சிங் பவுடரையே வெறுத்து ஒதுக்கக்கூடும். அதனால் நீர்வழி நோய்கள் பரவ இடமுண்டாகும். ஆகவே, கரிக்குழியை வீட்டிற்கும் கிணற்றிற்கும் தொலைவில் அமைக்குமாறு அறிவுறுத்துதல் நலம்.