களை வெட்டியும் சாகாத கீரை

ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டும் பெண்களிடம் பருப்புக்கீரையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "இந்தச் சனியன எத்தன தடவ வெட்டுனாலும் முளைச்சுக்குது" என்பார்கள். வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால் அதே கீரை மடியில் ஒரு பிடி இருக்கும்.

திட்டில் நியாயம் உண்டு. வெட்டி வரப்பில் எறிந்த செடி, சித்திரை வெயிலிலும் நாள்கணக்கில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். ஒரு மழை பெய்தால் போதும், தண்டு மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விட்டுவிடும். பூத்த செடியைப் பிடுங்கிப் போட்டாலோ, சிவந்த தண்டில் மிச்சமிருக்கும் நீரைக் கொண்டே காயை முற்ற வைத்துவிடும். முற்றிய காயின் மேல்பாதி சம்படத்து மூடிபோலக் கழன்று விழ, உள்ளே கடுகைவிடப் பொடிசாகக் கருகருவென்று விதைகள். செழித்து வளர்ந்த ஒரு செடி 2 லட்சம் விதைக்கு மேலும் தரும். போர்ட்டுலாகா ஒலரேசியா என்ற இதை உலகின் மோசமான களைகளின் பட்டியலில் தாவரவியலாளர்கள் சேர்த்ததில் ஆச்சரியமில்லை.

ஆச்சரியம் இலைக்குள் இருக்கிறது. செடி மாவுச்சத்து தயாரிக்கக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும். அதற்கு இலைத்துளைகளைத் திறக்க வேண்டும். திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும். சோளமும் கரும்பும் இதைச் சமாளிக்க ஒரு வழி வைத்திருக்கின்றன. குறைந்த வாயுவை உள்ளே விட்டு, அதைச் செறிவாக்கி, வேகமாகச் சமைத்துக்கொள்ளும். இது சி4 முறை. சப்பாத்திக்கள்ளிக்கு வேறு வழி. குளிர்ந்த இரவில் மட்டும் துளையைத் திறந்து, வாயுவை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து, பகலில் கதவைச் சாத்திக்கொண்டு பயன்படுத்தும். இது கேம் முறை. முதல் வழியில் விளைச்சல் அதிகம். இரண்டாவதில் வளர்ச்சி மந்தம், ஆனால் வறட்சியில் சாவதில்லை. ஒரே செடியில் இரண்டும் சேர்வது மிக அபூர்வம். பருப்புக்கீரையில் இரண்டும் இருப்பதை 1980-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கோச், கென்னடி இருவரும் காட்டினார்கள். இரண்டும் தனித்தனியாக ஓடவில்லை, ஒரே செல்லுக்குள்ளேயே பின்னிக்கொண்டிருக்கின்றன என்று யேல் பல்கலைக்கழகக் குழு 2022-இல் கண்டறிந்தது. தண்ணீர் கிடைத்தால் சோளம்போல் வளரும். காய்ந்தால் கள்ளிபோல் தாக்குப்பிடிக்கும். மறுபடி தண்ணீர் விட்டால் பழையபடி திரும்பிவிடும்.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, நாக்கு போதும். தண்ணீர் பாயாத காட்டில் விடியற்காலையில் ஓர் இலையைக் கிள்ளி மெல்லுங்கள், புளிக்கும். அதே செடியில் சாயங்காலம் கிள்ளினால் புளிப்பு குறைந்திருக்கும். இரவெல்லாம் சேர்த்த அமிலத்தைப் பகலில் செடி தின்று தீர்த்துவிட்டது.

கோழிப்பண்ணை வைத்திருக்கும் நாமக்கல்காரர்களுக்குச் சுவாரசியமான சங்கதி ஒன்று உண்டு. 1980-களில் ஆர்ட்டெமிஸ் சிமோபூலோஸ், நார்மன் சேலம் (நம் சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை) என்ற இரு ஆய்வாளர்கள், கிரேக்க நாட்டில் வெளியில் மேய்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்தார்கள். புல், பூச்சி, அத்திப்பழத்தோடு இந்தக் கீரையையும் கொத்தித் தின்ற கோழிகள் அவை. அமெரிக்கக் கடை முட்டையில் ஒமேகா-6 கொழுப்பு ஒமேகா-3-ஐப் போல ஏறக்குறைய 20 மடங்கு. கிரேக்க முட்டையில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். 1989-இல் இது மருத்துவ இதழில் வெளியானது. கூண்டுக் கோழிக்கு மக்காச்சோளமும் சோயாவும் போட்டால் முட்டையிலும் ஒமேகா-6-தான் தூக்கலாக இருக்கும். கோழி எதைத் தின்கிறதோ அது மஞ்சள்கருவில் தெரியும்.

கீரையின் இலையிலேயே 100 கிராமுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் வரை ஆல்பா லினோலெனிக் அமிலம் என்ற ஒமேகா-3 உண்டு. நாம் உண்ணும் பல கீரைகளில் இருப்பதைவிட இது அதிகம். வைட்டமின் ஈ, சி, பொட்டாசியம், மக்னீசியமும் தாராளம். ஆனால் "மீனுக்குப் பதில் பருப்புக்கீரை" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம். மீனில் இருப்பது வேறு வகை ஒமேகா-3; கீரையில் உள்ளதிலிருந்து அதை நம் உடம்பு மிகக் கொஞ்சமாகத்தான் உருவாக்கிக்கொள்ளும். சர்க்கரை நோய் மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தக் கீரைச் சாறு குடிப்பதும் முட்டாள்தனம்.

ஆக்சலேட்டும் இதில் அதிகம். சிறுநீரகக் கல் வந்தவர்கள் பச்சையாகச் சாறு பிழியக் கூடாது. வேகவைத்த தண்ணீரை வடித்தால் கரையும் ஆக்சலேட் குறையும். தயிரோடு சேர்த்தாலும் குறைவதை நியூசிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. தயிரின் சுண்ணாம்புச்சத்து அதைப் பிடித்துக்கொள்கிறது. மற்றவர்களுக்குச் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு துவரம்பருப்பில் வேகவிட்டு மத்தால் கடைந்த கடைசலும், ராகிக்களியும், குடிக்க மோரும் இருந்தால் நிறைவான சாப்பாடு. தாளிக்கும் எண்ணெயைக் குறைக்காதீர்கள். கீரையிலுள்ள கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும்.

பறிக்குமுன் ஒரு காம்பை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அல்ல, தரையோடு படரும் அம்மான் பச்சரிசி இனம், விட்டுவிடுங்கள். பூ மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளையோ இளஞ்சிவப்போ என்றால் அது சாரணை. களைக்கொல்லி அடித்த காட்டில் மட்டும் எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் கை வைக்காதீர்கள். அந்தச் செடி பிழைத்துக்கொள்ளலாம், மருந்து நம் வயிற்றுக்குத்தான் வரும்.