காட்டுவழி ஓட்டத்திற்கேற்ற காலணி: பொருளும் பயனும்

காலணியின் முதற்கடமை காலைக் காப்பது. நம் முன்னோர் அதற்கு இட்ட பெயர்களே இதனைக் காட்டும். சங்க நூல்களில் ‘தொடுதோல்’ என்றும் ‘அடிபுதை அரணம்’ என்றும் வருவன செருப்பையே குறிப்பன. அடி புதையுமாறு அணியும் அரண் என்பது பின்னதன் பொருள். நாம் இந்நாட்டில் ‘சப்பாத்து’ என்று வழங்குவதும் மலாய் மொழியில் ‘செபாத்து’ என வழங்குவதும் போர்த்துக்கீசியர் வழி வந்த ஒரே சொல்லின் இரு வடிவங்கள். பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே. ஆனால், இன்று அவ்வரணிடம் நாம் இன்னொரு கடமையையும் எதிர்பார்க்கிறோம். காலைக் காப்பதோடு, கால் மிதிக்கும் நிலத்தையும் அது கெடுக்காதிருக்க வேண்டும் என்கிறோம்.

இவ்வெண்ணம் மிகுதியும் எழுவது காட்டுவழி ஓட்டக்காரரிடத்தில்தான். பள்ளிகளில் குறுக்கோட்டம் என நடத்தப்பெறுவதன் வளர்ந்த வடிவம் இவ்வோட்டம். சிங்கையின் புக்கிட் தீமா, மெக்ரிட்சி காட்டுப் பாதைகளிலும், பெட்டாலிங் ஜெயாவின் புக்கிட் காசிங்கிலும் விடுமுறை நாட்களில் ஓடுவோர் பலர். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் ஏறி இறங்கும் ஓட்டப்போட்டி 1987-இலேயே தொடங்கிற்று. காட்டின் அழகை நாடி ஓடுவோர் காட்டுக்குக் கேடு செய்யாத காலணியை விரும்புதல் இயல்பே. கடைகளிலும் இன்று ‘மறுசுழற்சி’, ‘தாவரப்பொருள்’, ‘இயற்கை ரப்பர்’ என்னும் சொற்கள் பொறித்த சீட்டுகள் தொங்குகின்றன. அச்சொற்களை எவ்வளவு நம்பலாம்? எதனை முதலிற் பார்ப்பது, எதனைப் பின்னர்ப் பார்ப்பது? இவற்றை ஒருவாறு ஆராய்வோம்.

காலணியின் மூன்று உறுப்புகள்

ஓட்டக் காலணிக்கு மூன்று உறுப்புகள் உண்டு. பாதத்தைச் சுற்றி மூடுவது மேலுறை. தரையைத் தொடுவது அடித்தட்டு. இரண்டுக்கும் இடையே நின்று அதிர்ச்சியைத் தாங்குவது இடைமெத்தை.

மேலுறை பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலான் வலையால் ஆனது. இவை பெட்ரோலியத்திலிருந்து பிறந்தவை. மறுசுழற்சி என்னும் சொல் பெரிதும் இவ்வுறுப்பையே குறிக்கும். குடிநீர்ப் போத்தல்களை உருக்கி நூலாக்கி நெய்வர். புதிய பெட்ரோலியம் எடுப்பதினும் இது நன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். போத்தல் மீண்டும் போத்தலாயின் அதன் பயன் தொடரும். காலணியாகிப் பிற பொருள்களோடு ஒட்டப்பட்டால், அதனை மீண்டும் பிரித்தெடுத்தல் அரிது.

இடைமெத்தை ‘இ.வி.ஏ.’ எனப்படும் நுரைப்பொருளாலோ பாலியூரித்தேனாலோ ஆனது. நுண்ணிய காற்றறைகள் நிறைந்த நுரை அது. மிதிக்க மிதிக்க அவ்வறைகள் நசுங்கி மெத்தை தன் துள்ளலை இழக்கும். பிரேசில் நாட்டில் கரும்பிலிருந்து எடுக்கும் எரிசாராயத்தைக் கொண்டு இந்நுரையின் ஒரு பகுதியை ஆக்கும் முறை 2018-இல் காலணிச் சந்தைக்கு வந்தது. மூலப்பொருள் தாவரமே. எனினும் முடிவில் கிடைப்பது பிளாஸ்டிக் நுரைதான், மண்ணில் மக்குவதில்லை. தாவரத்திலிருந்து வந்தது என்பது வேறு, மண்ணோடு கலப்பது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பலரும் செய்யும் பிழை.

அடித்தட்டே காட்டுவழி ஓட்டத்தில் உயிர்நிலை. 1935-இல் இத்தாலிய ஆல்ப்ஸ் மலையில் கடும்புயலில் சிக்கி ஆறு மலையேறிகள் மாண்டனர். அவர்தம் தோழரான வித்தாலே பிரமானி என்பார், மலைக்கேற்ற காலணி இருந்திருப்பின் அவர்களைக் காத்திருக்கலாம் என்று எண்ணினார். ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடித்தட்டை ஆக்கி 1937-இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் வழங்கும் ‘விப்ரம்’ என்னும் பெயர் அவர் பெயரின் சுருக்கமே. ஆணியடித்த பழைய பூட்சுகளின் இடத்தை ரப்பர் பிடித்த வரலாறு இது.

நம் மண்ணில் வளர்ந்த பொருள்

ரப்பரின் வரலாறு நமக்கு அயலானதன்று. 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் கொணர்ந்த விதைகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றினின்று வந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தை அடைந்தன. 1888-இல் அத்தோட்டத்தின் தலைமையேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி நாள்தோறும் பாலெடுக்கும் முறையை 1890-களில் வகுத்தார். அம்முறையைக் கைத்திறனாக்கி, விடியற்காலை இருளில் நிரைநிரையாகக் கித்தா மரங்களை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் ஆவர். இயற்கை ரப்பர் என்று ஒரு சீட்டில் படிக்கும்போது அதன் பின்னே இவ்வுழைப்பும் நிற்கிறது என்பதைத் தமிழ் மாணவர் அறிதல் வேண்டும்.

மரத்துப்பால் அப்படியே காலணி ஆகாது. வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறும் என்பதைச் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். இரண்டாம் உலகப் போரில் மலாயாவின் தோட்டங்கள் ஜப்பானியர் கைப்பட்டபின், பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் ஆக்கும் தொழிலை அமெரிக்கா பேரளவில் வளர்த்தது. இன்றைய அடித்தட்டுகள் பல இவ்விரண்டும் கலந்தவை. இயற்கை ரப்பர் எளிதில் கிழியாது, நன்கு துள்ளும். செயற்கை ரப்பரைத் தேய்மானம், ஈரப்பிடிப்பு போன்ற பண்புகளுக்கேற்பப் பலவகையாக ஆக்கிக் கொள்ளலாம். எனவே, ‘இயற்கை ரப்பர் கலந்தது’ என்று மட்டும் சொல்லும் சீட்டு அரைச்செய்தியே. நூற்றுக்கு எத்தனை பங்கு என்று சொல்வதே முழுச்செய்தி.

இயற்கை ரப்பரிலும் ஒரு வினா உண்டு. மரம் நட எதனை அழித்தார்கள் என்பதே அது. பழைய தோட்டத்தில் மறுநடவு செய்த மரத்தின் பாலும், மழைக்காட்டை வெட்டிப் புதிதாக நட்ட மரத்தின் பாலும் பார்வைக்கு ஒன்றே. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம் ஏழு விளைபொருள்களைக் குறிப்பிடுகிறது. அவற்றுள் ரப்பரும் ஒன்று. 2020 டிசம்பர் 31-க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்தது ஆகாது என்பது அதன் விதி. உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியைத் தருபவர் சிறுதோட்டக்காரர்கள். ஆதலால், நிலச்சான்று காட்டும் சுமை அவர் தலையிலே மட்டும் விழாமல் பார்ப்பதும் அறமாகும்.

கணக்குக் கூறும் உண்மை

பொருளைப் பற்றி இவ்வளவும் கூறியபின் ஒரு கணக்கைக் காண்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் செயற்கைப்பொருளால் ஆன ஓர் ஓட்டக் காலணியின் வாழ்நாள் முழுவதையும் கணக்கிட்டு 2013-இல் வெளியிட்டனர். அதில் 65 உறுப்புகள் இருந்தன. அவற்றை ஆக்கிச் சேர்க்க 360-க்கும் மேற்பட்ட செயல்கள் தேவைப்பட்டன. ஒரு சோடியால் ஏறத்தாழ 14 கிலோகிராம் கரியமில வாயுவுக்கு ஈடான வாயுக்கள் வெளிப்பட்டன. இதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தொழிற்சாலையில் உருக்குதல், வார்த்தல், ஒட்டுதல் முதலிய செயல்களால் விளைந்தது. மூலப்பொருளின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு.

இதன் பொருள் யாது? மூலப்பொருளால் வரும் தீங்கைப் பாதியாகக் குறைத்தாலும் மிச்சமாவது 2 கிலோகிராம் அளவே. ஆனால் 14 கிலோகிராம் செலவில் ஆன ஒரு சோடி 400 கிலோமீட்டரில் பழுதானால் கிலோமீட்டருக்கு 35 கிராம் வீதம் ஆகும். அதே சோடி 800 கிலோமீட்டர் உழைத்தால் 17.5 கிராம்தான். நெடுநாள் உழைப்பது தரும் நன்மை, பசுமைப்பொருள் தரும் நன்மையினும் பன்மடங்கு பெரிது. தாவர நுரையும் மறுசுழற்சி வலையும் கொண்டு நான்கு மாதத்தில் வாய்பிளக்கும் சப்பாத்தைவிட, இரண்டாண்டு உழைக்கும் எளிய சப்பாத்தே சூழலுக்கு நட்பானது.

ஈரமும் வெப்பமும்

குளிர்நாட்டில் எழுதிய அறிவுரை நம் நாட்டுக்கு அப்படியே பொருந்தாது. இங்கே காலணியின் முதற்பகை காற்றின் ஈரம். பாலியூரித்தேன் வகைகள் சில, காற்றிலுள்ள நீராவியால் மெல்ல மெல்லச் சிதைவன. பலமாதம் அலமாரியில் வைத்த காலணியை எடுத்து அணிந்தால் அடி பிசுபிசுத்து உதிர்வதை நம்மில் பலர் கண்டிருப்போம். ஓடாமலே அழியும் காலணி அது. இ.வி.ஏ. நுரைக்கு இக்குறை இல்லை. ஆகவே, மலிவாகக் கிடைக்கிறதென்று பள்ளிகளும் கழகங்களும் பாலியூரித்தேன் அடிகொண்ட காலணிகளை மொத்தமாக வாங்கி இருப்பில் வைத்தல் வீண்.

நீர்புகாச் சவ்வு வைத்த காலணியும் இங்கு மிகுதியும் வேண்டுவதில்லை. நம் மழையில் நீர் கணுக்காலுக்கு மேலிருந்தே உள்ளே இறங்கும். இறங்கிய நீரைச் சவ்வு வெளியே விடாது. வலைத்துணியாயின் நான்கு எட்டில் நீர் வடியும். மேலும், நீரை விலக்கப் பூசும் புளோரின் சேர்மங்கள் பல, மண்ணிலும் நீரிலும் நெடுங்காலம் அழியாமல் தங்குவன. வேண்டாத சவ்வை விடுத்தால் காலுக்கும் நலம், ஓடைக்கும் நலம்.

இங்கே நம் நாட்டு எளிய காலணியொன்றை எண்ணிப்பார்க்கலாம். ‘அடிடாஸ் கம்போங்’ என மலேசியர் வேடிக்கையாக அழைக்கும் கருப்பு ரப்பர்ச் சப்பாத்துதான் அது. அப்பெயருடைய ஜெர்மானிய நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. பால் வெட்டுவோரும், மலைவழி காட்டுவோரும், சுமை தூக்குவோரும் அணிவது. அச்சில் வார்த்த ரப்பராதலால் பிரிந்துபோக ஒட்டு இல்லை. சேற்றைப் பற்றும் பற்கள் உண்டு. கழுவினால் நொடியில் உலரும். விலையும் குறைவு. காட்டோட்டப் போட்டிகளிலும் இதனை அணிந்து ஓடுவோர் உளர். ஆனால் மெத்தை இல்லை, காற்றோட்டம் இல்லை. பழகாத பாதத்தில் கொப்புளம் எழும். எல்லார்க்கும் இது ஏற்றதென்று கூற இயலாது. எனினும், உறுப்புகள் குறையக் குறையக் கேடும் குறையும் என்னும் பாடத்தை இது கற்பிக்கிறது.

தேய்ந்தபின் என்ன ஆகிறது?

பழைய காலணியைத் திரும்பப் பெற்று விளையாட்டுத் திடலாக்குவோம் என்ற அறிவிப்பை நம்பி மனநிறைவோடு புதியது வாங்குவோர் உண்டு. சிங்கப்பூரில் அத்தகைய திட்டத்தில் இடப்பட்ட 11 சோடிகளில் இருப்பிடங்காட்டும் கருவிகளை மறைத்து வைத்த ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், தன் முடிவை 2023 பிப்ரவரியில் வெளியிட்டது. ஒரு சோடிகூடத் திடலாகவில்லை. பழையன ஏற்றுமதி வழியே சில சோடிகள் ஜகார்த்தா, பாத்தாம் சந்தைகளில் கிடைத்தன. பழந்துணியும் பழங்காலணியும் இறக்குமதியாவதை இந்தோனேசியா 2015-இலேயே தடை செய்திருந்தது. மறுசுழற்சி தீதென்பது இதன் கருத்தன்று. அதனைக் கைம்மாறாக எண்ணி அடிக்கடி வாங்குதல் தகாது என்பதே கருத்து.

தேர்ந்தெடுக்கும் முறை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, நிலத்தைப் பார்க்க வேண்டும். சேறும் இலைச்சருகும் மிக்க வழிக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள, இடைவெளி விட்ட பற்கள் வேண்டும். கெட்டிமண், கப்பிப் பாதைக்கு 3 அல்லது 4 மில்லிமீட்டர் போதும். ஆழப்பல் காலணியைச் சாலையில் ஓட்டித் தேய்ப்பது வீண்செலவு.

இரண்டாவது, பாதத்தைப் பார்க்க வேண்டும். மாலையில் பாதம் சற்றே பருத்திருக்கும்போது அணிந்து பார்ப்பதும், விரல் முனைக்கு முன் பெருவிரல் அகலம் இடம் விடுவதும் நலம். பொருந்தாத காலணி எப்பொருளால் ஆனாலும் மூலையில்தான் கிடக்கும்.

மூன்றாவது, கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். அடித்தட்டின் விளிம்பு தைத்ததா, ஒட்டியது மட்டுமா? விரல்முனையில் தனிக்காப்பு உண்டா? வாய்பிளந்தால் கடைவீதியில் செருப்புத் தைப்பவர் தைத்துத்தர இயலுமா?

நான்காவதாகவே பொருளைப் பார்க்க வேண்டும். எந்த உறுப்பில் எத்தனை பங்கு என்று எண்ணால் சொல்லும் சீட்டை நம்பலாம். ‘பசுமை’, ‘இயற்கைக்கு நட்பு’ என்று மட்டும் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டா. ரப்பருக்குக் காட்டுநலச் சான்று இருப்பின் மேலும் நன்று.

வாங்கியபின் பேணுவதும் தேர்வின் பகுதியே. ஓடியபின் சேற்றைக் கழுவி, நிழலில் காற்றாட உலர்த்துக. கடும்வெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும், ஒட்டை இளக்கும். ஆனால், பற்கள் மழுங்கி வழுக்கத் தொடங்கிய காலணியை மலைச்சரிவில் அணிதல் சிக்கனம் ஆகாது. அதனை நடைக்கும் தோட்ட வேலைக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

குறுக்கோட்டப் போட்டி வருகிறதென்று மாணவன் புதுச் சப்பாத்துக் கேட்கும் வேளையில், ஆசிரியர் அவனுடைய பழைய சப்பாத்தைத் திருப்பி அதன் பற்களைப் பார்க்கட்டும். பல் நின்றிருந்து அடி பிளவுபடாதிருந்தால், சூழலுக்கு மிக உகந்த காலணி அவன் காலிலேயே இருக்கிறது.