முதலில் ஓர் இடம்

வண்டல் நிலத்து வழிபாடுகள் – 14

சென்ற வாரம் பாகூரில் இருந்தோம். மூலநாதர் கோயில், ஏரி, பல்லவர் காலத்துச் செப்பேடு சொல்லும் கல்விச்சாலை என்று அந்த மண்ணின் பழைய அடுக்குகளைப் பார்த்தோம். இந்த வாரம் வடக்கே நகர்ந்து சங்கராபரணிப் பக்கம் வருவோம், வில்லியனூருக்கு.

வில்லியனூர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது திருக்காமீசுவரர் கோயில் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஆளுநரே வந்து வடம் பிடித்த தேர் அது. இன்றும் துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் வந்து வடம் தொடுகிறார்கள். அதே ஊரில் இன்னொரு தேரும் ஓடுகிறது. உயிர்ப்புப் பெருவிழா முடிந்த பிறகு லூர்து அன்னை திருத்தலத்தில் கொடி ஏறும், நவநாள் நடக்கும், மாதா தேரில் வருவாள். தேர் பார்க்க நிற்கும் கூட்டத்தில் யார் கிறிஸ்தவர், யார் இந்து என்று யாரும் கேட்பதில்லை. கோயிலுக்கு முன்னால் படிகளோடு கூடிய குளம் இருக்கிறது. பிரான்சின் லூர்து ஊற்று நீரைக் கொண்டுவந்து கலந்த குளம் என்பதால் மக்கள் இறங்கித் தலையில் தெளித்துக்கொள்கிறார்கள். பாட்டிலில் பிடித்துப் போய் வீட்டில் நோயாளிக்குக் கொடுக்கிறார்கள். மாதா கோயிலுக்குக் குளம் வெட்டுவது இந்த மண்ணுக்கே உரிய சிந்தனை. ஈசனுக்குக் குளம் இருக்கும் ஊரில் மாதாவுக்கும் ஒன்று வேண்டும் என்று நம் ஆட்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். வில்லியனூர், பாகூர் போன்ற உள்நாட்டுக் கொம்யூன்களில் நெல்லும் கரும்பும் வாழையும் விளையும் வயல்களுக்கு நடுவே, பெரும்பாலும் வேறு சாமி கும்பிடும் ஊர்களில், அவர்கள் சிறுசிறு கூட்டமாக வாழ்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவருக்கு நம்பிக்கை எப்படிப் பிறக்கிறது? புத்தகம் படித்தா, பிரசங்கம் கேட்டா? என் பதில் வேறு. நிற்க ஓர் இடம் முதலில் கிடைக்கிறது. நம்பிக்கை அதன் பின்னால் வருகிறது. இந்தக் கட்டுரை அதைத்தான் சொல்லப் பார்க்கிறது.

பஞ்சத்தில் எழுந்த கோயில்

பிரான்சின் லூர்து நகரில் பெர்னதெத் சூபிரு என்ற 14 வயதுப் பெண் விறகு பொறுக்கப் போன இடத்தில் மாதாவைக் கண்டதாகச் சொன்னது 1858 பிப்ரவரி 11 அன்று. அவள் நொடித்துப்போன மாவரைப்பவர் ஒருவரின் மகள். முன்பு ஊர்ச் சிறையாக இருந்து கைவிடப்பட்ட ஒற்றை அறையில் அந்தக் குடும்பம் குடியிருந்தது. எழுத்தும் தெரியாது, உடம்பிலும் தெம்பில்லை. குகையில் தோன்றிய பெண்மணி தன்னிடம் மரியாதையோடு பேசினார் என்று பின்னாளில் அவள் சாட்சி சொன்னாள். ஊர் மதிக்காத ஒரு சிறுமியை வானகம் மதித்தது என்பதுதான் லூர்துக் கதையின் உயிர்.

அந்தக் கதை இருபது ஆண்டுகளுக்குள் வில்லியனூருக்கு வந்துவிட்டது. பாரீஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபைக் குருக்கள் இங்கே லூர்து அன்னைக்குக் கோயில் எழுப்பியது 1876, 1877 ஆண்டுகளில். தமிழக வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த ஆண்டுகள் நெஞ்சில் உறைக்கும். சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் சூறையாடிய காலம் அது. தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. பிரெஞ்சு எல்லைக்கு அப்பால் இருந்த தென்னாற்காடும் வடவாற்காடும் அதில் சிக்கின. புதுச்சேரி மறைமாவட்டத்தை அப்போது வழிநடத்தியவர் லாவெனான் ஆண்டகை. 1886-இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமானபோது முதல் பேராயரும் அவரே. சேத்துப்பட்டுப் பக்கம் தர்ராஸ் சாமியார் ஊர் ஊராக நடந்தார். அவர் பின்னர் கட்டிய பெரிய கோயிலும் லூர்து மாதாவுக்குத்தான். அந்தப் பஞ்சத்தின்போதும் அதையொட்டிய ஆண்டுகளிலும் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற படியாட்கள்.

"சோத்துக்காக மாறினவங்க" என்று அவர்களைப் பற்றி அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு ஆத்திரமூட்டுகிறது. பசித்தவன் சோறு கொடுத்த கையை நம்புவதில் என்ன குறை? கொடுக்க வேண்டிய அரசு தானியத்தைக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. நிலக்கிழார் களத்தைப் பூட்டியிருந்தார். கஞ்சித்தொட்டி வைத்த இடத்துக்குப் போனவர்களைக் குற்றம் சொல்ல யாருக்கு யோக்கியதை உண்டு?

பஞ்சம் 1878-இல் ஓய்ந்தது. கஞ்சி நின்றது. சிலர் பழைய வழிக்கே திரும்பினார்கள். ஆனால் மிகப் பலர் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய ஐந்தாம், ஆறாம் தலைமுறை இன்று ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் போகிறது. சோறு தீர்ந்த பிறகும் அவர்களைப் பிடித்துவைத்தது எது என்றுதான் நாம் கேட்க வேண்டும்.

பேர் எழுதிய புத்தகம்

பங்குக் கோயிலின் அலுவலக அலமாரியைத் திறந்து பார்த்தால் விடை கொஞ்சம் கிடைக்கும். ஞானஸ்நானப் பதிவேடு, திருமணப் பதிவேடு, இறப்புப் பதிவேடு. ஆண்டை அளந்த படியில் வாழ்ந்தவனின் பிள்ளை எந்த நாளில் பிறந்தது, யார் ஞானத்தகப்பன், யார் ஞானத்தாய் என்று ஒருவர் மைதொட்டு எழுதிவைத்தார். அவனுடைய கலியாணத்துக்குச் சாட்சி எழுதினார். செத்தால் மணி அடித்தார்கள். அதுவரை கடன் சீட்டில் மட்டும் கைநாட்டு வைத்தவர்களுக்கு இது சாதாரணமா? சாந்தோ, அருளப்பன், சவரியம்மாள் என்று புதுப்பேர் வந்தது. பேரைச் சொல்லிக் கூப்பிட ஒரு கூட்டம் வந்தது.

பதிவேட்டோடு பள்ளிக்கூடமும் வந்தது. 1844-இல் பொன்னான் ஆண்டகை புதுச்சேரியில் கூட்டிய மன்றம் உள்நாட்டுக் குருக்களை வளர்க்க வேண்டும், கல்வியைப் பரப்ப வேண்டும் என்று வலியுறுத்தியது. அதே ஆண்டில் துப்புயி அடிகளார் தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தருவது அதன் வேலை. மாதாவிடம் வேண்டப் போன தாயின் மகள் சிலேட்டோடு திரும்பியது அந்த வழியில்தான்.

இப்போது கிராமத்துக்குள் வருவோம். கிளைக் கிராமத்துச் சிற்றாலயத்துக்குப் பங்குச்சாமியார் வாராவாரம் வர முடியாது. உபதேசியார்தான் எல்லாம். மாலையில் செபமாலை சொல்ல வைப்பார், புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பார், வீட்டுச் சண்டையில் நடுவே உட்காருவார், சாகக்கிடப்பவருக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்கச் சாமியாரை அழைத்துவர ஓடுவார். கிராமத்துக் கத்தோலிக்கத்தை உண்மையில் தாங்கி நின்றவர்கள் இவர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு இலத்தீன் போய்த் தமிழ் பீடத்தில் ஏறியதும், அதுவரை முழங்காலில் நின்று செபமாலை உருட்டிக்கொண்டிருந்த அம்மாக்கள் பூசையின் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் சொல்லத் தொடங்கினார்கள். பின்னர் அன்பியங்கள் வந்தன. பக்கத்து வீடுகள் சில சேர்ந்து ஒவ்வொரு முறையும் ஒருவர் வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, வீட்டுக் கஷ்டத்தைப் பேசி, டீ குடித்துக் கலையும் ஏற்பாடு.

வேறு ஊரிலிருந்து வாழவந்த பெண்ணுக்கு இது என்ன தருகிறது என்று கவனித்தால் தெரியும். வந்த புதிதில் கோயிலில் பின்வரிசையில் உட்காருவாள். பூசை முடிந்ததும் ஒரு பெரியம்மா வந்து, "எந்தப் பங்கும்மா நீ?" என்பார். பிறந்த ஊரின் பங்கைச் சொன்னதும், "அங்கயா? எங்க நாத்தனாரைக்கூட அங்கதான் குடுத்திருக்கு" என்று உறவு முளைக்கும். அடுத்த வாரம் பாடல் குழுவில் நிற்பாள். மறுமாதம் அன்பியக் கூட்டம் அவள் வீட்டில் நடக்கும். புருஷன் குடித்துவிட்டு அடித்தால் போய்ச் சொல்ல இரண்டு வாசல் இருக்கும். வீட்டில் சாவு விழுந்தால் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் பெட்டிக்கு ஏற்பாடு செய்வார்கள். எட்டாம் நாள் செபத்துக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, தானாக வருவார்கள். இத்தனையும் நடந்த பிறகு அவளிடம் கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால், கேள்வியே அவளுக்கு விளங்காது. நாற்றுக்கு வயல் முந்தி. வேர் பிந்தித்தான் பிடிக்கும்.

சுவர்

இங்கே நிறுத்தினால் அது பாதி உண்மை. இடம் கொடுத்த அதே கோயில் இடத்தைப் பங்கு போட்டும் கொடுத்தது.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு பதிவு இருக்கிறது. புதுச்சேரிச் சம்பாக் கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. பறையர் கிறிஸ்தவர்கள் ஒருபுறம், சாதிக் கிறிஸ்தவர்கள் மறுபுறம். ஒரே ஆண்டவரை நம்பும் எங்களுக்கு நடுவே சுவர் எதற்கு என்று பறையர் கிறிஸ்தவர்கள் குருவிடம் போய்க் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். எழுதுகிற பிள்ளைக்கு இந்தக் கலப்பில் பெரிய அனுதாபம் கிடையாது. ஆனால் அவர் பேனா பதிந்துவைத்த கேள்வி 280 ஆண்டுகளாகப் பதிலுக்குக் காத்திருக்கிறது. கேட்டவர்கள் வெளியாட்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். நம்பிக்கையாளர்கள், உள்ளே இருந்துகொண்டே, உள்ளே இருக்கும் உரிமையோடு கேட்டார்கள்.

சுவர் போனாலும் பிரிவினை ஓயவில்லை. புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்துக்கு உட்பட்ட எறையூரில் 2008-இல் என்ன நடந்தது என்பதைப் பலரும் அறிவோம். மாதா தேர் எங்கள் தெருவுக்கு வருவதில்லை, எங்கள் பிணத்துக்குத் தனி வண்டி, எங்களுக்குத் தனிப் பங்கு தாருங்கள் என்று தலித் கத்தோலிக்கர்கள் போராடினார்கள். மார்ச் 9-ஆம் தேதி மோதல் வெடித்தது, போலீஸ் சுட்டது, இரண்டு உயிர்கள் போயின. செத்தவர்களும் கிறிஸ்தவர்கள், வீடு இழந்தவர்களும் கிறிஸ்தவர்கள்.

வெளியே அரசின் கணக்கு வேறு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. 2024 நவம்பரில் புதுச்சேரியிலிருந்து போன ஒரு வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையைக் கடைப்பிடித்துக்கொண்டே பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவரின் நிலை இது: கோயிலுக்குள் போனால் சாதி கேட்கிறார்கள், தாசில்தார் அலுவலகத்துக்குப் போனால் உனக்குச் சாதி இல்லை என்கிறார்கள். இவ்வளவு விலை கொடுத்தும் அவர்கள் மாதாவை விடவில்லை. இந்த நம்பிக்கையைவிட வலுவான சாட்சியம் எந்த இறையியல் நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு அதை ஒழிக்க வேண்டும் என்றது. ஒப்புக்கொண்டது நல்லது. அது எந்தப் பங்கில் நடைமுறையானது என்பதைத்தான் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இடம் தருவது யார் பொறுப்பு?

வில்லியனூர்க் குளத்தில் இறங்குபவரிடம் யாரும் பதிவேடு கேட்பதில்லை. பிள்ளை வரம் வேண்டி வரும் இந்துத் தாயும், கால் வீங்கி வரும் முதியவரும், வேலை கிடைக்காத பட்டதாரியும் ஒரே படியில் கால் வைக்கிறார்கள். அந்தப் படியில் சாத்தியமாகிற ஒன்று பங்குப் பேரவையிலும், திருவிழாக் கமிட்டியிலும், தேர் போகும் தெருவிலும், கல்லறைத் தோட்டத்திலும் சாத்தியமாக வேண்டும். இது சாமியார்களுக்கு மட்டும் விட்ட வேலை இல்லை. திருவிழா வரி வசூலிக்க எல்லா வீட்டுக்கும் போகிற கமிட்டி, தேரையும் எல்லா வீட்டு வாசலுக்கும் கொண்டுபோக முடியும். நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றும் கைகள், கல்லறைகளுக்கு நடுவே சுவர் எதற்கு என்று கேட்க முடியும்.

நம் கிராமங்களில் இளைஞர்கள் கோயிலுக்கு வருவதில்லை என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். செல்போனையும் சினிமாவையும் குறை சொல்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பஞ்சம் தின்ற காலத்தில் உங்கள் பாட்டனுக்குப் பாட்டன் ஏன் வந்தாரென்று அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பிறகு அவர் கேட்ட இடத்தை முழுசாகக் கொடுங்கள். பீடத்தில் வாசகம் வாசிக்க, கமிட்டியில் கணக்குக் கேட்க, தேரில் தோள் கொடுக்க, எந்தத் தெருப் பிள்ளைக்கும் தடை இல்லாத பங்கில் நம்பிக்கை தானாக நிலைக்கும். இடம் மறுக்கிற பங்கில் எத்தனை நவநாள் நடத்தினாலும் அது நிலைக்காது.

(தொடரும்)

அடுத்த வாரம்: வீராம்பட்டினம் – கடற்கரை அம்மனும் மீனவர் பஞ்சாயத்தும்