எப்போதும் 2005 ஏப்ரல் 7

‘கிட்’ மென்பொருளின் சோதனைகளுக்கென்று தனியாக ஒரு கடிகாரம் உண்டு. எந்த ஆண்டில், எந்த நாட்டில் ஓட்டினாலும் அதன் முதல் நேரம் 2005 ஏப்ரல் 7, அமெரிக்க மேற்குக் கரையில் பிற்பகல் 3 மணி 13 நிமிடம் 13 விநாடி. கிட்டை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் முதல் கமிட்டை, அதாவது முதல் திருத்தப் பதிவை, செய்த அதே விநாடி. அதன்பின் சோதனை நிரல் அதை ஒவ்வொரு முறை தட்டும்போதும் முள் சரியாக 60 விநாடி நகரும், தட்டாவிட்டால் அசையாது.

நிரலில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் பதிந்துவைக்கும் கருவி கிட். அதற்குப் பொத்தான், படம் எதுவும் தேவையில்லை. டெர்மினலில் கட்டளையைத் தட்டினால் பதில் எழுத்தாக வரும். இத்தகைய கருவியை, பயனர் செய்வதுபோலவே தொடக்கம் முதல் முடிவுவரை ஓட்டிப் பார்ப்பதை ‘எண்ட் டு எண்ட்’ சோதனை என்பார்கள். கட்டளையைக் கொடு, வந்த பதிலை வரவேண்டிய பதிலோடு ஒப்பிடு. இதில் என்ன சிக்கல் வந்துவிடும் என்று தோன்றும்.

நேற்று பாஸ் ஆன சோதனை, நிரலில் ஓரெழுத்துகூட மாறாமல் இன்று ஃபெயில் ஆகும். திரும்ப ஓட்டினால் பாஸ். நிரலாளர்கள் இதை ‘ஃப்ளேக்கி டெஸ்ட்’ என்று திட்டுவார்கள். தங்கள் சோதனைகளில் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் இந்தத் தள்ளாட்டம் ஓரளவேனும் இருப்பதாகக் கூகுள் 2016இல் எழுதியது. சோதனை பொய் சொல்லப் பழகிவிட்டால், அது நிஜமான பிழையைக் காட்டும்போதும் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். புலி வருது கதைதான்.

ஏன் தள்ளாடுகிறது? கட்டளைக் கருவி நாம் தட்டிய கட்டளையை மட்டும் படிப்பதில்லை. கணினியின் கடிகாரம், மொழி அமைப்பு, ஹோம் கோப்புறையில் பயனர் வைத்திருக்கும் விருப்பங்கள் என்று கேட்காமலே பலவற்றை எடுத்துக்கொள்கிறது. சோதனை எழுதுபவரின் வேலையில் பாதி, இந்தத் திருட்டு வாசல்களைக் கண்டுபிடித்து அடைப்பது.

கடிகாரத்தையே பாருங்கள். கமிட்டின் அடையாளம் 40 இலக்க ஹாஷ். கோப்புகளின் உள்ளடக்கம், எழுதியவர் பெயர், நேரம் எல்லாம் சேர்ந்த கணக்கில் வருவது அது. ஒரு விநாடி தள்ளிப்போனாலும் எண் முழுவதும் மாறிவிடும். அதனால்தான் நேரம் பூட்டப்பட்டது. பெயரும் அப்படியே: எழுதியவர் எப்போதும் ‘ஏ யு தார்’, பதிந்தவர் ‘சி ஓ மிட்டர்’. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் ஆத்தர், கமிட்டர்!

அடுத்து மொழி. ஜெர்மன் அமைப்பிலுள்ள கணினியில் பிழைச்செய்தி ஜெர்மனில் வரலாம். அகரவரிசைகூட மொழி அமைப்புக்கேற்ப மாறும். ஆகவே சோதனை தொடங்குமுன் மொழி ‘சி’ என்ற அடிப்படை அமைப்புக்கும், நேர மண்டலம் யூடிசிக்கும் மாற்றப்படுகின்றன. ஒவ்வொரு சோதனைக் கோப்புக்கும் புதிதாக ஒரு குப்பைக் கோப்புறை உருவாகும், ஹோமும் அதுவேதான். அந்தக் கோப்புறையின் பெயருக்கு நடுவே வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டிருக்கிறார்கள். கோப்புறைப் பெயரில் இடைவெளி கண்டால் தடுக்கி விழும் நிரல்கள் ஏராளம். விழுவதானால் இங்கேயே விழட்டும் என்று.

நெட்வொர்க் தேவைப்பட்டால் வெளியே போவதில்லை. அதே கணினியில் ஒரு சர்வரை எழுப்பிக்கொள்கிறார்கள். அதன் போர்ட் எண் சோதனையின் எண்ணிலிருந்தே வருகிறது: 5541ஆம் சோதனைக்கு 5541. பத்துச் சோதனைகள் ஒரே நேரத்தில் ஓடினாலும் ஒன்றின் வாசலில் இன்னொன்று நிற்காது.

மிஞ்சுவது காத்திருப்பு. சர்வர் எழும்வரை ‘2 விநாடி தூங்கு’ என்று எழுதுவது சோம்பேறி வழி. கணினிக்கு வேலை கூடிய நாளில் 3 விநாடி ஆகும், சோதனை விழும். தூங்குவதை விட்டு, ‘போர்ட் திறந்ததா, கோப்பு வந்ததா’ என்று அடிக்கடி எட்டிப் பார்க்கவேண்டும். எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதற்கு ஓர் உச்சவரம்பும் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சோதனை தள்ளாடினால், பாஸ் ஆகும்வரை திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு நகர்வதே பலரின் பழக்கம். கிட்டிலோ ‘ஸ்ட்ரெஸ்’ என்றொரு வசதி இருக்கிறது. அது அதே சோதனையைக் கணினியின் ப்ராசசர்களைப்போல் இரு மடங்கு எண்ணிக்கையில் ஒரே நேரத்தில் கிளப்பி, ஓயாமல் ஓட்டும். ஏதாவது ஒன்று ஃபெயில் ஆனால்தான் நிறுத்தும். விழுந்ததன் தடயங்களை அப்படியே விட்டுவைக்கும். ஓட்டுவது இரண்டிலும் ஒன்றுதான், எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.